கருத்துரைக்குப் போன கோப்பும் ஓடிக்கொண்டிருக்கும் கெடுவும்

வாசகர் கேள்வி: சட்டப் பகுதி

அரசு வழக்கில் தோற்றபின், நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடும் அரசு பிளீடரிடமும் சட்டத் துறையிடமும் கருத்து கேட்பது எப்படி, வந்த கருத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோவது என்று இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கேட்டவர்களில் சிலர் அலுவலக மேசையில் இருப்பவர்கள், சிலர் அரசை எதிர்த்து வழக்காடுபவர்கள். ஒரே கோப்பின் இரண்டு பக்கம் என்பதால் சேர்த்தே பதில் தருகிறோம்.

கேள்வி: ரிட் மனுவில் தனி நீதிபதி எங்கள் அலுவலகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்துவிட்டார். மேல்முறையீட்டுக்கு உகந்த வழக்கு அல்ல என்று அரசு பிளீடர் எழுதியிருக்கிறார். மேலதிகாரியோ போட்டே ஆகவேண்டும் என்கிறார். பிளீடர் கருத்தை மீறலாமா ஐயா?
(வருவாய்த் துறை உதவியாளர், தருமபுரி)

மீறலாம். அது ஆலோசனை, ஆணை அல்ல. அரசு தலைமை வழக்கறிஞர் (அட்வகேட் ஜெனரல்) பதவியை உண்டாக்குகிற அரசமைப்புச் சட்டத்தின் 165-ஆவது பிரிவே, தம்மிடம் அனுப்பப்படும் சட்ட விஷயங்களில் மாநில அரசுக்கு ஆலோசனை கூறுவதைத்தான் அவர் கடமையாகச் சொல்கிறது. அவர் கருத்துக்கே அந்த நிலை என்றால், அவருக்குக் கீழே உள்ள கூடுதல் தலைமை வழக்கறிஞர், அரசு பிளீடர், சிறப்பு அரசு பிளீடர் கருத்துகளுக்கும் அதே நிலைதான். மேல்முறையீடு போடுவதா, தீர்ப்பை நிறைவேற்றுவதா என்பது கட்சிக்காரர் எடுக்க வேண்டிய முடிவு. இங்கே கட்சிக்காரர் அரசு.

ஆனால் மீறுவதற்கும் ஒரு முறை உண்டு. "மேல்முறையீடு செய்யலாம் எனக் கருதப்படுகிறது" என்று குறிப்புக் கோப்பில் ஒற்றை வரி எழுதி மேலே அனுப்பினால் அது மீறல் அல்ல, கண்ணை மூடிக்கொள்வது. பிளீடர் எந்தக் காரணத்தால் உகந்ததல்ல என்றார் என்று முதலில் பார்க்க வேண்டும். பிரச்சினையில் உச்ச நீதிமன்றமே ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது என்பது காரணமானால், மேலதிகாரியின் வேகத்துக்கு அங்கே வேலை இல்லை. எதிருறுதி ஆவணத்தில், அதாவது மனுவுக்குத் தாக்கல் செய்யும் பதிலில், நாம் முக்கியமான ஆவணத்தைச் சேர்க்கவே இல்லை, அதனால் பதிவில் ஒன்றும் இல்லை என்பது காரணமானால், மேல்முறையீட்டில் புதிதாக ஆவணம் கொண்டுவருவது கடினம் என்று தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். தொகை சின்னது, செலவு பெரிது என்பது காரணமானால் மட்டும் துறைக்குச் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். மனுதாரர் ஒருவர்தான், ஆனால் அதே நிலையில் மாவட்டம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், இந்தத் தீர்ப்பைக் காட்டி எல்லோரும் வருவார்கள் என்பது பிளீடருக்குத் தெரிந்திருக்காது. அந்த எண்ணிக்கையையும் நிதிச் சுமையையும் எழுதி, மறுபரிசீலனைக்குப் பிளீடரிடமே திருப்பி அனுப்பலாம், அல்லது துறைத் தலைவர் வழியாகத் தலைமைச் செயலகத்தில் நிர்வாகத் துறைக்கும் அங்கிருந்து சட்டத் துறைக்கும் அனுப்பலாம். பிளீடரும் சட்டத் துறையும் வேறுவேறாகச் சொன்னால் அட்வகேட் ஜெனரலிடம் போவது வழக்கம்.

இதற்கு நேர்மாறும் உண்டு. உகந்தது என்று கருத்து வந்தாலும், வேண்டாம் என்று முடிவு செய்து தீர்ப்பை நிறைவேற்ற அரசுக்கு முழு உரிமை இருக்கிறது. நடைமுறையில் இது அபூர்வம். பின்னால் தணிக்கையில் "ஏன் மேல்முறையீடு போடவில்லை" என்று கேட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் காரணம். தோற்கும் என்று தெரிந்தே போட்டுவிட்டு, "உச்ச நீதிமன்றமே தள்ளிவிட்டது" என்ற சீட்டைக் கோப்பில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இப்படி வந்ததுதான். உச்ச நீதிமன்றம் இதற்குச் 'சான்றிதழ் வழக்குகள்' என்றே பெயர் வைத்துவிட்டது. அதைப் பற்றிக் கீழே.

கேள்வி: கருத்துரை கேட்டு அனுப்பும் கோப்பு இரண்டு முறை "விவரம் போதாது" என்று திரும்பிவிட்டது. என்னென்ன இருக்க வேண்டும்?
(இளநிலை உதவியாளர், பள்ளிக் கல்வி, விருதுநகர்)

கோப்பு திரும்புவதற்குப் பெரும்பாலும் கடைசிப் பத்திதான் காரணம். "மேற்படி தீர்ப்பின் மீது தக்க சட்டக் கருத்துரை வழங்கிடக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று முடித்திருப்பீர்கள். இது கேள்வியே அல்ல. எதைப் பற்றிக் கருத்து என்று படிப்பவருக்குத் தெரியாது. அவரும் பொதுவாக எழுதி அனுப்புவார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மனுதாரரின் நியமன நாளில் நடைமுறையில் இருந்த அரசாணையை நீதிமன்றம் கருத்தில் கொள்ளவில்லை. அந்த ஆணை எதிருறுதி ஆவணத்தின் 6-ஆவது பத்தியில் குறிப்பிடப்பட்டு இணைக்கப்பட்டுள்ளது. இது மேல்முறையீட்டுக்குப் போதுமான காரணமா? தீர்ப்பின் இரண்டாம் பகுதியை மட்டும் எதிர்த்து, முதல் பகுதியை நிறைவேற்றிவிடலாமா? மேல்முறையீட்டு மனுவுடன் இடைக்காலத் தடை கேட்க வேண்டுமா?" ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் வரமுடியும் என்கிற அளவுக்குக் குறுக்குங்கள்.

அதற்கு மேலே, ஒரே பக்கத்தில் தேதிவாரி நிகழ்வுப் பட்டியல். நியமனம், ஆணை, முறையீடு, நிராகரிப்பு, வழக்கு எண், எதிருறுதி ஆவணம் தாக்கல் செய்த நாள், தீர்ப்பு நாள், நகலுக்கு விண்ணப்பித்த நாள், நகல் தயாரான நாள், மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள். இந்தக் கடைசி நாளைச் சிவப்பு மையில், முதல் பக்கத்தின் தலையிலேயே எழுதுங்கள். அதைப் பார்க்காத கண் இருக்கக் கூடாது.

இணைக்க வேண்டியவை: தீர்ப்பு, மனுவும் அதன் உறுதியுரையும், நம் எதிருறுதி ஆவணம், அப்போது மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் பதிலாகப் பிளீடருக்கு அனுப்பிய பத்திவாரிக் குறிப்புரை, வழக்கில் சுட்டிய அரசாணைகளும் விதிகளும் திருத்தங்களோடு. திருத்தங்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூல அரசாணையை மட்டும் வைத்து, அதை மாற்றிய பிந்தைய ஆணையை விட்டுவிடுவது அலுவலகங்களில் சர்வசாதாரணம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். இதே பிரச்சினையில் வேறு மாவட்டத்தில் தீர்ப்பு வந்திருக்கிறதா, அதை அரசு ஏற்றதா, எதிர்த்ததா என்பதும் வேண்டும். ஓரிடத்தில் ஏற்று நிறைவேற்றிவிட்டு இன்னோரிடத்தில் எதிர்ப்பதை நீதிமன்றங்கள் சகித்துக்கொள்வதில்லை.

பாதகமான ஆவணத்தை மறைக்காதீர்கள். பிளீடரிடம் மறைத்தால் அவர் தவறான கருத்து தருவார், அது நீதிமன்றத்தில் வெளியே வரும்போது பழி துறைக்குத்தான்.

கேள்வி: கோப்பு கருத்துரைக்குப் போயிருக்கும் நாட்கள் கெடுவில் கழியுமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருச்சி)

கழியாது. அலுவலகங்களில் அதிகம் நிலவும் தப்பெண்ணம் இதுதான். காலவரையறைச் சட்டம், 1963-ன் 12-ஆவது பிரிவு கழித்துத் தருவது தீர்ப்பு நாளையும், சான்றிட்ட நகல் பெற ஆகும் நாட்களையும். அரசு பிளீடர் மேசையிலும் சட்டத் துறை மேசையிலும் கிடக்கும் நாட்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தனி நீதிபதியின் உத்தரவு ஜனவரி 10. அதே உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வுக்கு ரிட் மேல்முறையீடு போக 30 நாள். ஜனவரி 11 முதல் நாள் என்று எண்ணினால் 30-ஆவது நாள் பிப்ரவரி 9. நகலுக்கு ஜனவரி 16-ல் விண்ணப்பித்து, 30-ல் நகல் தயாரானால் அந்த 15 நாள் கூடுதலாகக் கிடைக்கும். கடைசி நாள் பிப்ரவரி 24. இதில் இரண்டு ஓட்டைகள். ஜனவரி 10-க்கும் 16-க்கும் இடையே விண்ணப்பிக்காமல் விட்ட நாட்கள் போனவை போனவைதான். நகல் 30-ல் தயாராகி, நீங்கள் பிப்ரவரி 8-ல் போய் வாங்கினால் இடைப்பட்ட நாட்களும் உங்கள் கணக்கில்தான் ஏறும். கடைசி நாள் நீதிமன்ற விடுமுறையாக இருந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். அது 4-ஆவது பிரிவு.

ஆகவே உத்தரவு வந்த அன்றே நகலுக்கு விண்ணப்பம். உயர் நீதிமன்ற இணையதளத்தில் உத்தரவு ஏறியவுடன் அதை இறக்கிக் கருத்துரைக் கடிதத்தோடு அனுப்புங்கள். கருத்து சொல்லச் சான்றிட்ட நகல் தேவையில்லை, தாக்கலுக்குத்தான் தேவை. இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதால்தான் பாதி அலுவலகங்களில் கெடு போகிறது.

மற்றக் கெடுக்களையும் மேசையில் ஒட்டி வைக்கலாம். சிவில் தீர்ப்பாணைக்கு எதிராக மாவட்ட நீதிமன்றம் போக 30 நாள், உயர் நீதிமன்றம் போக 90 நாள். ஒரு தரப்பு வராதபோது தந்த ஒருதலைத் தீர்ப்பாணையை நீக்கக் கோர 30 நாள். உயர் நீதிமன்றத்தில் சீராய்வு (ரிவியூ) மனுவுக்கு 30 நாள். உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுவுக்கு 90 நாள். விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்ய 90 நாள்.

கேள்வி: கெடு தாண்டிவிட்டால் அரசுக்குச் சலுகை உண்டு என்கிறார்களே?
(அதே வாசகர்)

இருந்தது. 1987-ல் அனந்த்நாக் நில ஆர்ஜித வழக்கில், அரசுக் கோப்பு நகரும் விதத்தைக் கணக்கில் கொண்டு தாராளமாகப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையே இன்றும் தாமத மன்னிப்பு மனுவில் முதல் தீர்ப்பாகப் போடுகிறார்கள். காற்று எப்போதோ திசை மாறிவிட்டது. 2012-ல் லிவிங் மீடியா வழக்கில் அஞ்சல் துறையின் 427 நாள் தாமதத்தை மன்னிக்க மறுத்த நீதிமன்றம், நவீனத் தொழில்நுட்பம் வந்தபின் சிவப்பு நாடாவைக் காரணமாக ஏற்க முடியாது என்றது. 2020-ல் பேருலால் வழக்கில் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதமாக வந்தது. மனுவைத் தள்ளியதோடு 25,000 ரூபாய் செலவுத் தொகையும் விதித்து, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடம் வசூலிக்கச் சொன்னார்கள். சான்றிதழ் வழக்கு என்ற பேச்சு வந்ததும் அந்த உத்தரவில்தான்.

மன்னிப்பு மனுவின் உறுதியுரையில் "நிர்வாகக் காரணங்களால் தாமதம் ஏற்பட்டது" என்று எழுதுவது, எதிர்த்தரப்புக்கு நாமே எழுதிக் கொடுப்பது மாதிரி. எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது, எப்போது திரும்பியது, நடுவில் ஏன் நின்றது என்று ஒவ்வொரு இடைவெளிக்கும் விளக்கம் இருக்க வேண்டும். இடைவெளி ஒன்றுக்கு விளக்கம் இல்லை என்றால் அதை நீட்டி மறைக்காமல், அந்த நாட்களில் நடந்ததை உள்ளபடி சொல்வது மேல்.

கேள்வி: 80-ஆவது பிரிவு அறிவிப்பு வந்தால் அதற்கும் கருத்துரை தேவையா? எங்கள் அலுவலகத்தில் அதைக் கோப்பில் கட்டிவைப்பதோடு சரி.
(ஊராட்சி ஒன்றிய ஊழியர், நாகப்பட்டினம்)

கருத்துரைக்கு மிக மலிவான நேரம் அதுதான், அதைத்தான் எல்லோரும் வீணடிக்கிறார்கள். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவு, அரசு மீது வழக்குப் போடுமுன் இரண்டு மாத அறிவிப்பு தரச் சொல்வது, அந்த இரண்டு மாதத்தில் அரசு தன் தரப்பைச் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காக. அறிவிப்பு வந்தவுடன் மாவட்ட அரசு வழக்கறிஞரிடம் அனுப்பிக் கேளுங்கள்: கோரிக்கை சட்டப்படி நியாயமா, முழுவதும் நியாயமா, ஒரு பகுதியா? நியாயம் என்றால் கொடுத்துவிட்டு வழக்கையே தவிர்க்கலாம். இல்லை என்றால் காரணத்தோடு பதில் அனுப்பலாம். பின்னால் எழுதும் எதிர்வாதவுரைக்கு அதுவே முதுகெலும்பு. 2005-ல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரும்பாலான அறிவிப்புகளுக்குப் பதிலே வருவதில்லை, வந்தாலும் மழுப்பலாக இருக்கிறது என்று கண்டித்து, பதில் அனுப்பப் பொறுப்பாக ஒவ்வொரு துறையும் ஓர் அதிகாரியை நியமிக்கச் சொன்னது. உங்கள் அலுவலகத்தில் அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

ரிட் மனுவுக்கு இந்த அறிவிப்புத் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஒன்றிய அரசு அலுவலகம் எங்களுடையது. அட்டர்னி ஜெனரலிடம் நாங்களே நேரடியாக எழுதிக் கேட்கலாமா?
(பிரிவு அலுவலர், சென்னை)

கூடாது. அட்டர்னி ஜெனரல் உள்ளிட்ட ஒன்றிய அரசின் சட்ட அதிகாரிகளுக்கான 1987-ஆம் ஆண்டுப் பணி விதிகளின்படி, சட்ட அமைச்சகத்தின் சட்ட விவகாரத் துறை வழியாக வந்தால் ஒழிய எந்த அமைச்சகத்துக்கும் பொதுத்துறை நிறுவனத்துக்கும் அவர்கள் ஆலோசனை கூறக் கூடாது. டெல்லியில் தொடங்காமல், சென்னையிலேயே உள்ள அந்தத் துறையின் கிளைச் செயலகத்தில் தொடங்கலாம். மும்பை, கொல்கத்தா, பெங்களூருவிலும் கிளைகள் உண்டு. இந்த வடிகட்டிக்குக் காரணம் எளிது. துறைகள் தங்களுக்குப் பிடித்த கருத்து கிடைக்கும்வரை வழக்கறிஞர் வழக்கறிஞராகப் போய் நிற்பதைத் தடுக்க வேறு வழி இல்லை.

கேள்வி: பொதுத்துறை நிறுவனங்கள் அரசோடு வழக்காடக் குழு அனுமதி வேண்டும் என்று ஒரு காலத்தில் இருந்ததே, அது என்ன ஆனது?
(ஓய்வு பெற்ற கணக்கு அதிகாரி, நெய்வேலி)

ஆலோசனைக் குழு ஒன்று எப்படிச் சுங்கச்சாவடியாக மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்துக்கும் கலால் துறைக்கும் நடந்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம், அரசின் இரு கைகளும் பொதுப்பணத்தில் ஒன்றோடொன்று மோதக் கூடாது, உயர்மட்டக் குழு ஒன்று பார்த்து அனுமதித்தால் மட்டும் வழக்கு தொடரட்டும் என்றது. எண்ணம் நல்லதுதான். ஆனால் குழுவின் அனுமதி இல்லாமல் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவே முடியாது என்ற நிலை வந்தபின் வழக்குகள் குழுவின் வாசலிலேயே தேங்கின. ஒரே சட்டப் பிரச்சினையில் ஒரு நிறுவனத்துக்கு அனுமதி, இன்னொன்றுக்கு மறுப்பு என்ற விநோதமும் நடந்தது. மறுக்கப்பட்ட நிறுவனங்களில் ஒன்றான எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனின் வழக்கில்தான், 2011 பிப்ரவரி 17 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஏற்பாடு பயனற்றுப் போய்விட்டது, தாமதத்தையும் வருவாய் இழப்பையும்தான் தந்தது என்று சொல்லிப் பழைய உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது.

அதற்குப் பதிலாக 2018-ல் ஒன்றியப் பொதுத்துறை நிறுவனங்களின் வணிகத் தகராறுகளுக்கு நிர்வாக வழியில் இரண்டடுக்கு ஏற்பாடு வந்தது. முதல் அடுக்கில் தொடர்புடைய அமைச்சகச் செயலாளர்களும் சட்ட விவகாரத் துறைச் செயலாளரும். அதில் திருப்தி இல்லாவிட்டால் அமைச்சரவைச் செயலாளர், அவர் சொல்வதே முடிவு. ரயில்வே, வருமான வரி, சுங்கம், கலால் தகராறுகள் அதில் சேராது.

வருமான வரித் துறை வேறு பாதையில் போனது. குழுவும் இல்லை, கருத்துரையும் இல்லை, தொகைக்கு ஒரு கோடு. 2024 செப்டம்பர் முதல் தீர்ப்பாயத்துக்கு 60 லட்சம், உயர் நீதிமன்றத்துக்கு 2 கோடி, உச்ச நீதிமன்றத்துக்கு 5 கோடி ரூபாய். சில விதிவிலக்குகள் தவிர, அதற்குக் குறைந்த வரித் தொகைக்குத் துறை மேல்முறையீடு செய்யாது. மாநிலத் துறைகளின் பணப்பயன் வழக்குகளுக்கும் இப்படி ஒரு கோடு போட்டால் பிளீடர் அலுவலகங்களில் கோப்புச் சுமை நிச்சயம் இறங்கும் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: என் தம்பி மீது குண்டர் சட்டம் பாய்ந்திருக்கிறது. அறிவுரைக் கழகம் சொல்வதும் இதே மாதிரி வெறும் ஆலோசனைதானா?
(வாசகி, தூத்துக்குடி)

இல்லை அம்மா. பெயர்தான் அறிவுரை, ஒரு பக்கத்தில் அது கட்டளை. குண்டர் சட்டம் எனப்படும் தமிழ்நாடு 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டப்படி மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ போட்ட ஆணையை அரசு 12 நாளுக்குள் அங்கீகரிக்க வேண்டும். தடுப்புக் காவலின் காரணங்கள் 5 நாளுக்குள் உங்கள் தம்பிக்குத் தரப்பட வேண்டும். காவலில் வைத்த நாளிலிருந்து 3 வாரத்துக்குள் கோப்பு, காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும். கழகம் 7 வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும்; இதுவும் காவலில் வைத்த நாளிலிருந்தே எண்ணப்படும். மூவர் கொண்ட அமைப்பு அது. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்கள் அல்லது அதற்குத் தகுதி உள்ளவர்கள் இருப்பார்கள்.

போதிய காரணம் இல்லை என்று கழகம் சொன்னால் அரசு ஆணையை ரத்து செய்து உடனே விடுவித்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. போதிய காரணம் உண்டு என்று சொன்னால் அரசு காவலை உறுதி செய்யலாம், செய்யாமலும் விடலாம். அதிகபட்சம் 12 மாதம்.

கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்து வாதாடும் உரிமை இல்லை. ஆகவே தம்பி நேரில் சொல்ல வேண்டியதைத் தேதிகளோடு எழுத்தில் தயாரித்துக் கொடுங்கள். எந்தெந்த ஆவணம் தரப்படவில்லை, எது தெரியாத மொழியில் இருந்தது, ஏற்கெனவே ஜாமீன் மனு நிலுவையில் இருந்ததா என்பவை முக்கியம். அரசுக்குத் தனியாக ஒரு முறையீடும் அனுப்புங்கள். அதைப் பரிசீலிக்க அரசு தாமதித்தால் அதுவே ஆணையைச் சாய்க்கலாம். கழக விசாரணை முடியட்டும் என்று காத்திருக்காமல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். ஒன்றுக்காக மற்றொன்று நிற்காது.

கேள்வி: ஒரு வழக்கைத் திரும்பப் பெற அரசு முடிவு செய்துவிட்டால் அரசு குற்றவியல் வழக்கறிஞர் அதைச் செய்தே ஆகவேண்டுமா?
(சட்ட மாணவர், மதுரை)

ஆலோசனை இங்கே எதிர்த்திசையில் வருகிறது; அரசு சொல்கிறது, வழக்கறிஞர் கேட்டுக்கொள்கிறார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360-ஆவது பிரிவு, பழைய சட்டத்தில் 321, திரும்பப் பெறும் அதிகாரத்தை அரசுக்குத் தரவில்லை, வழக்கறிஞருக்குத் தருகிறது, அதுவும் நீதிமன்ற அனுமதியோடு. அரசு பரிந்துரைக்கலாம். அவர் கோப்பைப் படித்து, பொது நலனுக்கு உகந்ததா என்று தாமே யோசித்திருக்க வேண்டும். அரசாணை எண்ணை மட்டும் எழுதி "அரசு முடிவு செய்துள்ளபடி" என்று மனுப் போட்டால் அது விழும். கேரள சட்டமன்றத்தில் 2015 பட்ஜெட் நாளில் நடந்த ரகளை வழக்கைத் திரும்பப் பெற மாநில அரசு முயன்றதை 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பை முழுவதும் படியுங்கள், தேர்வுக்கும் உதவும்.

கேள்வி: எனக்கு எதிராக அரசு மேல்முறையீடு போட்டிருக்கிறது. பிளீடர் வேண்டாம் என்றுதான் எழுதினார் என்று கேள்வி. அந்தக் கருத்துரையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கலாமா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், ஈரோடு)

கேட்கலாம், கிடைப்பது கடினம். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான எழுத்துக்கு, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132-ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(உ) நம்பிக்கை உறவைக் காரணம் காட்டி மறுப்பார்கள். பொது நலன் மேலோங்கும் என்று 8(2)-ஐச் சுட்டி வாதாடலாம். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வெற்றி வாய்ப்புக் குறைவு. அட்டர்னி ஜெனரல் அலுவலகமே இந்தச் சட்டத்துக்குள் வருமா என்று ஒரு வழக்கு நடந்தது. வரும் என்று டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2015-ல் சொல்ல, வராது என்று 2017-ல் அமர்வு மாற்றியது.

உங்களுக்குக் கருத்துரையைவிடத் தேதிகள்தான் உதவும். பிளீடரின் கருத்துரை துறைக்கு வந்து சேர்ந்த நாள், சட்டத் துறைக்கு அனுப்பிய நாள், திரும்பிய நாள், மேல்முறையீட்டுக்கு ஒப்புதல் தந்த ஆணையின் எண்ணும் நாளும் என்று கேளுங்கள். உள்ளடக்கம் எதையும் கேட்காததால் மறுக்கக் காரணம் இருக்காது. 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அரசின் மேல்முறையீடு கெடு தாண்டி வந்திருந்தால், தாமத மன்னிப்பு மனுவுக்கு நீங்கள் போடும் எதிருறுதி ஆவணத்தில் இந்தத் தேதிகளை வரிசையாக வையுங்கள். அவர்கள் உறுதியுரையில் சொன்ன தேதிகளோடு பொருந்தாவிட்டால் அங்கேயே பாதி வேலை முடிந்தது.

கேள்வி: அரசு வழக்கறிஞர்கள் கட்சி பார்த்து நியமிக்கப்படும்போது அவர்கள் கருத்துக்கு என்ன மதிப்பு?
(வாசகர், காஞ்சிபுரம்)

கேட்கவேண்டிய கேள்விதான். 1990-ல் உத்தரப் பிரதேசத்தில் மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் அனைவரையும் ஒரே ஆணையில் நீக்கியதை உச்ச நீதிமன்றம் தன்னிச்சையானது என்று ரத்து செய்தது. 2016-ல் பஞ்சாப் சம்பந்தப்பட்ட வழக்கில், தகுதியைப் பார்த்துத் தேர்வுக் குழு மூலம் நியமிக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் மதுரைக் கிளைக்கும் 2017-ல் நியமன விதிகள் வந்தன. விதி வந்ததால் எல்லாம் மாறிவிட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

கேள்வி: மேல்முறையீடு தாக்கல் செய்துவிட்டோம், எண்ணும் ஆகிவிட்டது. அதற்குள் நீதிமன்ற அவமதிப்பு மனு வந்துவிட்டது. பிளீடர் கருத்துப்படிதானே நடந்தோம்?
(கண்காணிப்பாளர், வேலூர்)

மேல்முறையீடு போட்டதாலேயே தீர்ப்பு நிற்காது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 41-ஆவது கட்டளை 5-ஆவது விதி சொல்வது அதைத்தான். ரிட் வழக்குகளிலும் நிலைமை அதுவே. தடையாணை கையில் இருக்க வேண்டும். வழக்கறிஞர் சொன்னபடி செய்தேன் என்பது அவமதிப்பு வழக்கில் தண்டனையைக் குறைக்கப் பேச உதவலாம், குற்றத்திலிருந்து விடுவிக்காது. பெயர் போட்டு மனுவில் எதிர்மனுதாரராக நிற்பது அதிகாரிதான், பிளீடர் அல்ல.

இப்போது செய்யவேண்டியது: தடை மனு எண் ஆகிவிட்டதா என்று இன்றே பாருங்கள். எண் ஆகாமல் குறைபாட்டுக்காகத் திரும்பியிருந்தால், பதிவுத்துறை சுட்டிய குறையைச் சரிசெய்து மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தின் மங்கலான நகலுக்காக வாரக்கணக்கில் கிடக்கும் மனுக்கள் உண்டு. தீர்ப்பில் கெடு குறிப்பிட்டிருந்தால், அது முடியும்முன் கால நீட்டிப்பு மனு போட்டிருக்க வேண்டும். முடிந்துவிட்டது என்றால் தாமதத்துக்கான விளக்கத்தோடு இப்போதாவது போடுங்கள். அவமதிப்பு மனுவில் முதல் வாய்தாவுக்கு முன்பே, மேல்முறையீட்டு எண், தடை மனு எண், அடுத்த விசாரணை நாள் மூன்றையும் காட்டும் நிலை அறிக்கை ஒன்றைப் பிளீடர் கையில் கொடுத்துவிடுங்கள்.